உம்முடைய எட்டுக்கு நான் படைத்த ஆட்டம்

என் பிரியமான பாக்கியம்,

பேஸ்போலில் உம்முடைய ஆட்கள் வென்றுவிட்டார்கள். ரொறன்ரோ எறிகாரன் கடைசிவரை தானே நின்று எறிந்தான். எதிரணிக்கு ஓர் ஓட்டமும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை ஒழுங்காகச் சொல்கிறேன். ஒழுங்கில்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும் என்பது உமக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உம்முடைய எட்டு. எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். நண்டுக் கறி, இறால் பொரியல், பால் தேத்தண்ணீர் எல்லாம் உம்முடைய படத்துக்கு முன்னால், ரொறன்ரோவிலிருந்து வந்த மகள் வைத்தாள். எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது. மகளின் பேறு பார்க்க ரொறன்ரோ போய், பேஸ்போல் பைத்தியமாகத் திரும்பி வந்தவர் அல்லவா நீர்? மாலை ஏழு மணிக்கு ஆட்டம். ரிவியை உம்முடைய படத்தின் பக்கம் திருப்பி வைத்துப் போட்டுவிட்டேன்.

ஒஸ்லோ, புருசெத்தில் எங்கள் வீடு நிறைய ஆட்கள். என் அண்ணர் எழும்பினார்.

"டேய், செத்தவீட்டிலை மச் பாக்கிறியோ? நிப்பாட்டு!"

அவர் சொல்லி நான் மறுத்த நாள் உண்டா? நோர்வேயின் வடகோடி பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் வெட்டப் போனதும் அவர் சொல்லித்தான், ஒஸ்லோவுக்கு வந்ததும் அவர் சொல்லித்தான். இப்போது இந்த வீட்டை விட்டுவிட்டு ஹொல்ம்லியாவில் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறார்.

அப்போது உம்முடைய பேச்சு நினைவுக்கு வந்தது. "கிரிக்கெற்றிலை எவ்வளவு நல்லா எறிஞ்சாலும் நாலு ஓட்டமாவது போகும். இதிலை ஒண்டும் குடுக்காமல் நிக்கலாம். நீங்களும் உங்கட அண்ணருக்கு ஒருநாள் அப்பிடி நில்லுங்கோவன்" என்று நீர் சிரிப்பீரே.

"இது படையல், அண்ணை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அவளுக்கு விருப்பமானது. நிப்பாட்ட மாட்டன்."

"அப்ப சத்தத்தையெண்டாலும் குறை."

"அதுவும் மாட்டன்."

செய்தது சரியா? இப்போதும் தெரியவில்லை. ஆனால் ரிமோட்டை விடவில்லை.

மெல்ல மெல்ல ஆட்கள் ரிவிப் பக்கம் திரும்பினார்கள். உம்முடைய சிநேகிதி கமலா என்னைக் கேட்டாள்: "மாஸ்ரர், இவ்வளவு நேரமா விளையாடுகினம், மற்றப் பக்கத்துக்கு ஒரு ஓட்டமும் இல்லையே? மழை கிழை பெய்ததோ?"

"இல்லைப் பிள்ளை. எறியிறவன் குடுக்கிறானில்லை."

"எட, சரியான கசவாரமாயிருக்கிறான்!"

அந்தக் கஞ்சனை நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாக்கியம். கோபிக்காதேயும்.

கடைசிச் சுற்றில் எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாவது தளம்வரை வந்துவிட்டான். இன்னும் ஒரு தளம் ஓடினால் ஓட்டம். அண்ணர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அடிக்க நின்றவன் மட்டையை முழுப்பலத்தோடு வீசினான். பந்து மட்டையில் படாமல், பின்னால் பிடிக்க இருந்தவனின் கையுறைக்குள் போய்விட்டது. அவனும் அவுட், ஆட்டம் முடிந்தது.

"ஆர் வெண்டது?" என்றார் அண்ணர். போகாமல் நின்றிருக்கிறார்!

"பாக்கியத்தின்ரை ஆக்கள்."

"ம். வாற கிழமை சாமானைக் கட்டு, ஹொல்ம்லியாவுக்கு."

"நான் வரேல்லை, அண்ணை. இஞ்சைதான் இருப்பன்."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். கோபமா, வேறேதுமா, எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. நீர் இருந்தால் சொல்லியிருப்பீர்.

நாளைக்குத் திரும்பவும் கேட்பார். நாளைக்கும் பயப்படுவேன். ஆனாலும் ஒன்றும் கொடுக்க மாட்டேன். ரிவி உம்முடைய படத்தின் பக்கமே திரும்பியிருக்கும். நான் ஒரு பக்கம் சாய்ந்திருந்து பார்த்துக்கொள்கிறேன்.

புருசெத்தை விட்டு அசையாத
உம்முடைய மனுசன்