ஓட்டுநர் சீட்

தம்பி,

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கார் சாவியை எடுத்துப் போகிறேன். பாப்பாவைப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் கூட்டி வா.

நேற்று விபத்துத் தவிர்ப்புக் கார் பயிற்சியில், வழுக்குத் தளத்தில் ஓட்டும் முன்பே பயிற்சியாளர் நிறுத்தினார். "முதல்ல சீட்டை முன்னாடி இழுங்க சார். கால் எட்டலைன்னா பிரேக் இருந்து என்ன புண்ணியம்?"

உடனே போலீஸ் எடுத்த நம் கார் விபத்துப் படம் ஞாபகம் வந்தது. ஓட்டுநர் சீட் கடைசிவரை பின்னால் இருந்தது. உன் அண்ணிதான் ஓட்டினாள் என்று சொல்லியிருந்தாய்; அவளுக்கு அங்கிருந்து பிரேக் எட்டாது. உனக்கு எட்டும்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். "லைசென்ஸ் இல்லாம நான் வேற என்னண்ணா சொல்றது?" என்றாய்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். சரியாகச் சொல்லித்தராததால்தான் அவள் போய்விட்டாள் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். "போய்ட்டு வாண்ணா, மனசு ஆறும்" என்று பயிற்சிக்குப் படிவம் நிரப்பித் தந்ததும் நீதான்.

ஒன்று விட்டுப்போனது. சாயங்காலம் என் மாமியார் வருகிறார். "என் பொண்ணால நீயும் போயிருப்பியேப்பா" என்று வரும்போதெல்லாம் உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பார். இன்று அவர் கையை நீட்டுவதற்குள் சொல்லிவிடு.