பெயர் சொல்லி வரவேற்ற வாசல்

மலை காவல் நிற்க, மழை பருவம் தவறாது பெய்ய, ஏழு குன்றங்களையும் ஒரு குடைக்கீழ் ஆளும் குறிஞ்சேரி நாட்டு அரசியார் நல்லினி நாச்சியார் திருமுன்பு, பூழிவளநாட்டு ஆடுமன்றங்களின் அமைச்சர் கொழுந்தூர்க் காவிதி பணிந்து விடுக்கும் ஓலை. நும் கொற்றம் ஓங்குக. நும் குளங்கள் நிறைக. இவ்வோலை படிக்கப்படும் வேளையில் நும் அருகே அன்புடையோர் ஒருவரேனும் அமர்ந்திருப்பாராக.

ஓலை விடுப்போர் தம்மை 'நான்' என்று சொல்லலாகாது என்பது பூழிநாட்டு வழக்கு. ஆதலால் இதில் வரும் காவிதியின் மடமைகளை வேறு யாரோ ஒருவர் செய்ததாகவே எண்ணிக் கேட்டருள்க. காவிதிக்கும் அது சற்று வசதி.

முதற்கண், முன்பு வந்த மகிழ்ச்சி ஓலை பற்றி. புயலில் கப்பலோடு காணாமற்போன நும் மைந்தர் இளவரசர் வயமான் பிழைத்திருக்கிறார், பூழிக் கடற்கரையின் முத்தந்துறை ஆடுமன்றத்தில் வந்து அமர்ந்திருக்கிறார் என்று காவிதி துள்ளிக் குதித்து எழுதியனுப்பினார். துள்ளியதில் ஆடுபுலிப் பலகை கவிழ்ந்ததே, அப்போதாவது நிதானித்திருக்க வேண்டும். அவ்வோலையை நம்பி நும் நகரெங்கும் தோரணம் கட்டியதும், மகனுக்குப் பிடிக்குமென்று அரசியார் தம் கையாலேயே அதிரசம் சுட்டு வைத்ததும் காவிதியின் செவிக்கு எட்டின. அன்றுமுதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வயிற்றைக் கண்டவர் எவரும் இதை நம்பார்.

பிழை நேர்ந்த விதம் இது. பூழிநாட்டில் ஊர்தோறும் ஆடுமன்றம் உண்டு. ஓர் ஊரில் ஆடுபுலிக் காயை நகர்த்தினால், குன்றுக்குக் குன்று கண்ணாடி மின்னி, தொலைவூரில் எதிராளியின் பலகைக்குச் செய்தி சேரும். உள்ளே செல்ல முன்பெல்லாம் மன்றம் ஆளுக்கொன்றாய்ப் பெயர் பொறித்துத் தந்த மோதிரமும் காட்ட வேண்டும், மறைசொல்லும் சொல்ல வேண்டும். மும்முறை தவறினால் அன்றைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அச்சட்டத்தை வகுத்தவர் காவிதியே. ஒருநாள் தம் மறைசொல்லைத் தாமே மறந்தார். வளர்த்த பூனையின் பெயரைச் சொன்னார், பிடித்த பலகாரத்தின் பெயரைச் சொன்னார், முன்னாள் மாமியாரூரின் பெயரையும் சொல்லிப் பார்த்தார், கதவு அசையவில்லை. ஐயா, தாங்கள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தாங்கள் தாங்கள்தான் என்பதற்குச் சான்று இல்லையே என்று வாயிற்காவலன் கைகட்டி நின்று தெரிவித்தான். தெருவே சிரித்தது.

வெயிலில் வெந்த காவிதி மறுநாளே புதிய ஆணை பிறப்பித்தார். இனி மறைசொல் வேண்டா. மோதிரம் கண்டதும் கதவைத் திறக்க. வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்க. விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடரச் செய்க. நீ யார் என்று எவரையும் கேட்டு நோகடிக்கலாகாது. மக்கள் வாழ்த்தினர். மோதிரம் எவர் விரலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்பது மட்டும் அந்தப் பெருமூளைக்குத் தோன்றவில்லை.

ஆகவே புயலுக்குப் பின் ஒரு காலையில் முத்தந்துறைக் கண்ணாடி 'வயமான் வந்தமர்ந்தார்' என்று மின்னியபோது காவிதி அழுதேவிட்டார். பல்லாண்டாக அவரைத் தோற்கடித்துத் தோற்கடித்து, தொந்தி மாமா, புலியைப் பட்டினி போடாதீர் என்று கண்ணாடி வழியே கேலி செய்த பிள்ளை அல்லவா? ஆட்டம் தொடர்ந்தது. காவிதி வென்றார். மறுநாளும் வென்றார். தம் ஆட்டம் தேறிவிட்டதென்று மார்தட்டினாரே அன்றி, ஐயம் கொண்டாரில்லை.

பிறகுதான் உறுத்தியது. நும் மைந்தர் முதல் ஆட்டைச் சிரித்துக்கொண்டே புலிக்குக் கொடுத்து, பின்பு புலியையே மடக்குபவர். இப்போது ஆடுபவருக்கோ ஓர் ஆட்டையும் இழக்க மனமில்லை. எல்லாவற்றையும் மூலையில் நெருக்கி வைத்து, ஒவ்வொன்றாக இழக்கிறார். தொந்தி மாமா என்ற அழைப்பும் இல்லை, வெறும் ஐயாதான்.

முத்தந்துறைக் காவலரிடம் கேட்டார். மோதிரம் வந்தது, கதவு திறந்தது, அதற்குமேல் கேட்கலாகாதென்பது தங்கள் ஆணையல்லவா என்று மறுமொழி வந்தது. பலகை வழியே ஆடுபவரிடமே கேட்டார். காயை நகர்த்துங்கள் ஐயா, கதை அப்புறம் என்றது கண்ணாடி. மீண்டும் கேட்டதற்கு, இன்று மேகமூட்டம், எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றது. வானமோ துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இன்று காலை காவிதி காய்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தோரணத்தையும் அதிரசத்தையும் சொல்லி, வழிமேல் விழி வைத்திருக்கும் தாய்க்கு என்ன எழுதட்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். விடை வருமுன்னே இவ்வோலை எழுதப்படுகிறது.

ஆகவே அரசியார் அறிக: அங்கே அமர்ந்திருப்பவர் நும் மைந்தர் அல்லர் என்றே காவிதி அஞ்சுகிறார். மைந்தர் எங்கே என்பதை அவர் அறியார். தோரணத்தை அவிழ்க்கச் சொல்லவும் அவருக்கு நா எழவில்லை.

ஆடுமன்றக் காவலர் அனைவர்க்கும் இன்று விடுத்த ஆணையும் அரசியார் அறியும்பொருட்டு இதோ: நாளை முதல் மோதிரத்தோடு மறைசொல்லும் கேட்க. வயமானின் மோதிரம் கொண்டு வருபவரைச் சிறைபிடிக்கலாகாது. அமர இருக்கையும் குடிக்க மோரும் தருக. இது காவிதியின் சொல். புலிமுக முத்திரை இதற்குச் சான்று. குறிஞ்சேரி நீடு வாழ்க.

முத்திரை மண் ஈரமாய் இருக்கையிலேயே முத்தந்துறைக் கண்ணாடி மின்னிற்று. வந்த விடையை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓலையின் கடைசியில் சேர்க்கக் காவிதி பணித்தார். அது வருமாறு:

ஐயா, அவர் இல்லை. புயலுக்கு மறுநாள் கடல் அவரைக் கரையில் போட்டது. உப்பளத்து மேட்டில் பாய்த்துணி சுற்றி நானும் அப்பாவும் அடக்கம் செய்தோம். நான் அலர்மதி, கப்பலுக்குப் பாய் தைப்பவர் மகள், அவரை மணந்தவள். கப்பலேறும்போது மோதிரத்தை என்னிடம் கழற்றித் தந்துவிட்டுப் போனார். எனக்கு ஆடத் தெரியாது. இறந்துவிட்டார் என்று சொன்னால் மன்றத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவீர்கள். மோதிரத்தை நீட்டினால், வருக வயமானே, நும் பலகை காத்திருக்கிறது என்கிறார்கள். இந்த ஊரில் அவர் பெயரை வேறு யாரும் இப்போது சொல்வதில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன். அத்தையாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.