ஆமென் சொன்னது எதற்கு

ஹால்டேன் தெரு, ஓஹியோ
அக்டோபர் 7, 2022

அன்பு மகள் டெனீஸாவுக்கு,

நேற்று உங்கள் பல்கலைக்கழகக் கூட்டத்தில், உன் அலுவலகத்தார் முன்னால் உன் மானத்தை வாங்கிவிட்டேன். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன், எட்டு நிமிஷ நடைக்கு இருபது நிமிஷம் தாமதமாக வந்தேன். அதுவும் சர்ச்சுக்குப் போடும் பேண்ட்டில், இரண்டு முழங்காலிலும் புல் கறையோடு. "என்னப்பா இது கோலம்?" என்று காதோரம் கேட்டாய். மண்டப வாசல் புல்தரையில் வழுக்கிவிட்டது என்றேன்.

அது போதாதென்று, உங்கள் பல்கலைக்கழகத் தலைவர் "இத்தனை காலம் உங்கள் பேச்சை நாங்கள் கேட்கவில்லை, இனி கேட்போம்" என்றதும், சர்ச்சில் உட்கார்ந்திருக்கிற நினைப்பில் "ஆமென்!" என்று கத்தித் தொலைத்தேன். நம் சர்ச்சில் ஒருவர் சொன்னால் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். அங்கே ஒரு இருமல்கூட இல்லை.

இனவெறியைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று கறுப்பர்களான நம் தெருக்காரர்களைக் கூப்பிட்டு, நெஞ்சில் பெயரை ஒட்டி, சாண்ட்விச்சும் கொடுக்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. அவர்கள் நம் தெருவுக்கு வந்தபோதெல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போனார்கள். உன் அத்தை வீடு இருந்த இடத்தில் இப்போது அவர்கள் கார் நிறுத்துகிறார்கள். இந்தத் தடவை என்ன வேண்டுமாம்? நீ வேறு குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாய்.

போனில் கேட்டால் என் மகள் பதில் சொல்ல மாட்டாள், பல்கலைக்கழக அதிகாரிதான் சொல்வாள். அதனால்தான் தபால்.

உன் அப்பா,
ஆர்லஸ் பெட்டவே

அக்டோபர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆமென் கேட்டதும் பக்கத்திலிருந்த பேராசிரியை "யார் அந்தப் பெரியவர்?" என்றார். "என் அப்பா" என்றேன், சத்தமாகவே.

நீங்கள் ஐஸ்கிரீம் வண்டிக்காரரையே உளவாளி என்றவர். நம் தெரு சொல்வதை இவர்களைக் கேட்க வைக்கத்தானே நான் இந்த வேலையில் சேர்ந்தேன்? கூட்டக் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். வந்த எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். மாத்திரையை மறக்க வேண்டாம்.

டெனீஸா

அக்டோபர் 14

மகளே,

கண்ணாடி போட்டு இரண்டு முறை, போடாமல் ஒரு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: "பல்கலைக்கழகப் போலீஸ் ஹால்டேன் தெரு வரை ரோந்து வருவதை அக்கம்பக்கத்தார் வரவேற்றனர். திரு. பெட்டவே 'ஆமென்' என்று ஆமோதித்தார்."

முடிவெட்டும் கடையில் சில்வெஸ்டர் இதை உரக்கப் படித்தான். "என்னய்யா ஆர்லஸ், போலீஸுக்கு நீயே கதவைத் தொறந்து விட்டுட்டியாமே? ஒரு சாண்ட்விச்சுக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன்.

அந்தப் போலீஸ் நம் பிள்ளைகளை நிறுத்தி, புத்தகப் பையை நடைபாதையில் கொட்டுவதைச் சொல்லத்தானே வந்தோம்? குறிப்பின் அடியில் உன் கையெழுத்து இருக்கிறது. அவர்களைச் சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். உன்னைச் சந்தேகப்பட இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

அக்டோபர் 18

அப்பா,

நான் எழுதியதில் அந்த வரி இல்லை. என் மேலதிகாரி ஒருவர் சேர்த்தார். சேர்த்ததை நான் பார்த்தேன். அவசரம் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

28ஆம் தேதி நிர்வாகக் குழு இதை வைத்துத்தான் ரோந்தை முடிவு செய்யும். நம் சர்ச்சில் கூட்டக் குறிப்பை எல்லோர் முன்னும் வாசித்து, "திருத்தம் உண்டா?" என்று கேட்டு, யாராவது கை தூக்கினால் அங்கேயே அடித்து எழுதுவார்களே, அதைச் செய்யப்போகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சர்ச் கீழ்த்தளத்தில். தலைவரையும் அழைத்துவருகிறேன். கூட்டத்தையே முதலில் அங்கே வைத்திருக்க வேண்டும். வேலை போனால் போகட்டும்.

வருவீர்களா?

டெனீஸா

அக்டோபர் 24

அன்பு மகள் டெனீஸாவுக்கு,

உங்கள் தலைவருக்கு மடக்கு நாற்காலி போட்டோம். நெஞ்சில் பெயர் ஒட்டவில்லை. அவர் யாரென்று எங்களுக்குத்தான் தெரியுமே.

மூன்றாம் பக்கத்துக்கு வந்தாய். ஒரு சொல் விடாமல் வாசித்தாய். "திருத்தம் உண்டா?" என்றாய். கை தூக்கினேன். "கேட்போம்னு அய்யா சொன்னாரே, அதுக்குத்தான் ஆமென் சொன்னேன். ரோந்துக்கு இல்ல." பின்வரிசையிலிருந்து சில்வெஸ்டர் "ஆமென்!" என்றான். அப்புறம் அறையே சொன்னது. நீ அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் பெயரெழுதினாய். தலைவரும் பேனாவை வாங்கி எழுதினார். 28ஆம் தேதி வரை நான் நம்பப்போவதில்லை. ஆனாலும் அவர் எழுதியதைப் பார்த்தேன்.

பிறகு நீ என்னைப் பார்த்து, "வேறு ஏதாவது உண்டா, திரு. பெட்டவே?" என்றாய். பாதி தூக்கிய கையை இறக்கி, தூசி தட்டுவதுபோல முழங்காலைத் தட்டிக்கொண்டேன். "இல்லம்மா" என்றேன்.

அன்றைக்கு நான் வழுக்கி விழவில்லை, அம்மாடி. அந்த மண்டப வாசலில் உங்கள் பல்கலைக்கழகப் போலீஸ்காரர் இருவர், நீ கையெழுத்திட்ட அழைப்பிதழைப் படித்து முடிக்கும் வரை, என்னைப் புல்லில் முழங்காலிட்டு இருக்கச் சொன்னார்கள்.

உன் அப்பா