வேன் கண்ணாடியில் என் பேருக்கு ஒரு கோடு

அன்புள்ள கோரினுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் சுகம், பூனையும் சுகம், என் இடது முட்டி மட்டும்தான் சுகமில்லை, அது வலிக்கட்டும். ஓஸ்லோவில் இப்பவே குளிர் ஆரம்பிச்சிருக்கும், கழுத்தை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. நாங்க ஸ்கூல் பஸ் டிரைவர்கள் பன்னிரண்டு பேரும் கடற்கரையில் நிக்கிற போட்டோவை உன் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காட்டி, அம்பத்தாறு வயசில் என் அம்மாவைப் பாருங்கன்னு பெருமைப்பட்டதா எழுதியிருந்தியே, அதைப் படிச்சதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை. இனிமே யாருக்கும் காட்டாதே. அப்பாகிட்டயே நேத்துத்தான் விஷயத்தைச் சொன்னேன்.

அந்த ஓட்டப் போட்டியில் மலையிலிருந்து கடல் வரைக்கும் ராத்திரி பகலா ஆள் மாத்தி ஆள் ஓடணும், ஆளுக்கு மூணு தடவை, மத்தவங்க வேனில் முன்னாடி போய்க் காத்திருப்பாங்க, அதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான். யாரை முந்தினாலும் வேன் கண்ணாடியில் அவங்கவங்க பேருக்கு நேரே ஒரு கோடு போடுவோம். எங்களோட பஸ் ஓட்டுற டீடீக்குப் பதினோரு கோடு. எனக்கு ஒண்ணும் இல்லை, முதல் தடவை ஓடினப்போ என்னைத்தான் ஒன்பது பேர் முந்திப் போனாங்க. "லோர்னா, பஸ்ஸிலயாவது யாரையாவது முந்தியிருக்கியாடி"ன்னு டீடீ கேட்டா, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா உள்ளே குத்திடுச்சு.

ரெண்டாவது முறை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தது. காட்டுக்குள்ளே மண் ரோடு, போனில் சிக்னல் எடுக்காது, எங்களுக்குப் பின்னாடி ஓடினவங்களும் அதிகமில்லை. பாதி தூரத்தில் ஒரு நெத்தி விளக்கு தரையோடு தரையா தெரிஞ்சது. கிட்டப் போனா, நரைச்ச தாடிக்காரர் ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். "ஏம்மா, கால் மடங்கிடுச்சு, எழுந்திரிக்க முடியலை, அங்கே போய் யார்கிட்டயாவது சொல்றியா"ன்னார். நிக்காமலே "சொல்றேன், சொல்றேன்"னுட்டு ஓடினேன். சொல்லணும்னுதான் நினைச்சேன், சத்தியமா. ஆனா ஆள் மாத்துற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் டீடீ, "யாரையாவது முந்தினியா"ன்னு கத்தினா. "ஒருத்தரை"ன்னு வாயில் வந்துடுச்சு. கட்டிப் பிடிச்சாங்க, கோடு போட்டாங்க, கை தட்டினாங்க. அதுக்கப்புறம் வாயைத் திறந்தா அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சுடுமே. போட்டி நடத்துற பொண்ணு பத்தடி தூரத்தில் மேஜை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தா. நான் வேனில் ஏறிப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்.

நீ பார்த்த போட்டோ எடுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, அவரைப் பார்த்தேன். காலில் கட்டோட மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தன் ஆட்கள் வந்து சேரணும்னு. எல்டன்னு பேரு, தபால்காரரா இருந்து ஓய்வு பெற்றவராம். எலும்பு முறிஞ்சு ஒன்றரை மணி நேரம் குளிரில் கிடந்திருக்கார், எல்லாருக்கும் பின்னாடி கடைசியா ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்த போட்டிக்காரங்க வண்டிதான் தூக்கிப் போயிருக்கு. முன்னால் போய் நின்னு நான்தான்னு சொன்னேன். திட்டுவார்னு காத்திருந்தேன், திட்டலை. "உனக்குப் பின்னாடி ரெண்டு பேர் வந்தாங்கம்மா, ரெண்டு பேருமே நின்னாங்க. ஒரு அம்மா சொல்லப் போயிருக்காங்க, நீங்க ஓடுங்கன்னு நான்தான் அனுப்பிவிட்டேன்"ன்னார். கால் சரியாகிற வரைக்கும் டாக்டர்கிட்ட நானே கூட்டிப் போறேன்னேன். "வேண்டாம், எனக்கு ஆள் இருக்கு"ன்னுட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் எல்லாரிடமும் சொல்லிட்டேன். டீடீ பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஈரக் காகிதத்தை என் கையில் கொடுத்து, "நீயே அழி"ன்னா. அழிச்சேன். இப்ப பஸ் நிக்கிற இடத்தில் குட் மார்னிங் சொல்றா, அவ்வளவுதான்.

உன் உடம்பும் மனசும் என்னைக்கும் நல்லா இருக்கட்டும் கண்ணே, உன்னை நம்பி வர்ற நோயாளிங்களும் நல்லா இருக்கட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. யாராவது சொல்றேன்னு சொல்லிட்டுப் போனா, சொன்னாங்களான்னு நீயே ஒரு தடவை போய்க் கேட்டுக்கோ. போனது உன் அம்மாவாவே இருந்தாலும்.

இப்படிக்கு,
உன் அம்மா லோர்னா