ஒல்லி இடுப்புக்கு ஒரு பிஸ்டல்

ஜூன் 3, செவ்வாய்

ஆபிரிக்கப் பக்கத்துச் சுடுகாற்று. பால்கனிக் கொடியில் காயப்போட்டதெல்லாம் மண் நிறம். மறுபடி தோய்க்க வேண்டும்.

ஆயுத லைசென்ஸ் வந்துவிட்டது. காவல் கம்பனியின் நிபந்தனை: பிஸ்டல் நானே வாங்க வேண்டும். வேலை பகேரியாவில், மருந்துக் களஞ்சியத்துக்குக் காவல். சீருடை அங்கே லொக்கரில் இருக்கும். பிஸ்டலை லொக்கரில் விட அனுமதி இல்லை. ஆக, தினமும் ரயிலில், சாதாரண உடுப்பில், இடுப்பில். பக்கத்து இருக்கைக்காரனுக்குத் தெரியக் கூடாது.

மாலை துவக்குக் கடை. கடைக்காரர் டொன் பிப்போ. எழுபது வயதிருக்கும், கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், தையற்காரன் மாதிரி.

"எத்தனை கிலோடா நீ?"

"ஐம்பத்தெட்டு."

"பென்சில். பென்சிலுக்குள்ளை எதையடா ஒளிக்கிறது?"

கண்ணாடி மேசையில் மூன்று வைத்தார்.

1. முழு அளவு. கூட வேலை செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது. கையில் அருமை. என் இடுப்பில் செங்கல்.

2. சின்ன ரிவோல்வர். ஐந்து தோட்டா. டொன் பிப்போவின் செல்லம். "சுடேக்கை ஒருநாளும் சிக்காது." சரி, சிக்காது. ஐந்தும் தீர்ந்தால்? "தீர்ந்தால் ஓடு."

3. மெல்லியது. தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் அடுக்கும் மகசின். பிடி குட்டை, சுண்டுவிரலுக்கு இடமில்லை.

குழல் நீளத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் முட்டாள்கள். குழல் எப்படியும் காற்சட்டைக்குள் போய்விடும். சட்டையை முட்டுவது பிடிதான். பிடியை அள.

இன்னும் முடிவில்லை.

குறிப்பு. லைசென்ஸ் விண்ணப்பத்தில் நான் ஒப்பமிட்ட ஒரு வரி: கூட வசிக்கும் வயது வந்தவர்களுக்கு அறிவித்துவிட்டேன். கூட வசிப்போர் இருவர். தங்கை அபிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.


ஜூன் 5, வியாழன்

வெக்கை. தலையிடி. பல்லரோச் சந்தையில் முருங்கைக்காய், பச்சைமிளகாய். கத்தரிக்காய் மறந்தேன், அம்மாவிடம் பேச்சு வாங்கினேன்.

அம்மா போனில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா சம்பளத்துக்குப் பராமரிக்கிற கிழவி சிஞ்ஞோரா இன்னும் விடவில்லை, இரவும் அங்கேயே தங்கி வேலை செய்யச் சொல்லிக் கேட்கிறாராம். "இல்லை சிஞ்ஞோரா, எனக்கும் வீடு இருக்கு, பிள்ளையள் இருக்கு." பத்து வருடமாக இதே பதில்.

காவல் வேலைப் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"துவக்குத் தருவினமோ?"

"இல்லையம்மா. வாசல்லை நிக்கிற வேலை."

"துவக்கு வந்த வீட்டிலை நான் இருக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

பெரிய மாமா, அம்மாவின் அண்ணா, ஊரில் ஒருநாள் இடுப்பில் பிஸ்டலோடு வீட்டுக்கு வந்தவர். அந்தக் கிழமையே ஆமி வந்தது. மாமாவும் இல்லை, வீடும் இல்லை. இதற்கு மேல் அம்மா சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை.

சொல்ல வேண்டும். வேலை தொடங்கிய பிறகு சொல்லலாம். அப்பா இருந்தால் அவரைக்கொண்டு சொல்வித்திருப்பேன். அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போன ஜூனில், ரெஸ்டோரண்ட் சமையலறையில், பாத்திரம் கழுவுகிற இடத்தில் விழுந்தவர். நான்தான் ஆஸ்பத்திரிக் கடுதாசியெல்லாம் முடித்தேன். பிழையில்லாமல் முடித்தேன். அழவில்லை. இப்போதும் ஒன்றும் வரவில்லை. பல்லு எடுக்க முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி.


ஜூன் 7, சனி

மூன்றாவதை வாங்கினேன். சுடுதளத்தில் மூன்றையும் சுட்டுப் பார்த்துத்தான். மெல்லியது கையில் உதைக்கிறது, முழு அளவைவிட மோசம். இலக்கில் விழுகிறது. போதும். மகசினுக்கு அடியில் ஒரு நீட்டல் போட்டால் சுண்டுவிரலும் பிடிக்கும், ஆனால் அது சட்டையில் தெரியும். சுண்டுவிரல் தொங்கட்டும்.

டொன் பிப்போவுக்குக் கோபம், ரிவோல்வர் எடுக்கவில்லையாம். "சாகிறவன் நீதானே" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினார்.

உறை: தோல் வேண்டாம், வியர்வையில் ஊறும். பிளாஸ்டிக். காற்சட்டைக்குள் செருகி பெல்ட்டில் கொழுவுவது.

குவெஸ்தூராவில், பொலிஸ் அலுவலகத்தில், பிஸ்டலைப் பதிவு. வரிசை. முன்னால் நின்ற ஆள் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, புதுப்பிக்க வந்த மன்னார் அண்ணை. "தம்பி, நீர் இஞ்சை பிறந்த ஆள் எல்லோ, உமக்கென்ன இஞ்சை வேலை?" பாஸ்போர்ட் விசயம் என்றேன்.

வீட்டில் சின்ன இரும்புப் பெட்டி, என் அலுமாரிக்குள் சுவரோடு பூட்டியாயிற்று. துளை போடும் சத்தத்துக்கு அம்மாவிடம் சொன்ன காரணம்: ஹாங்கர் கம்பி.


ஜூன் 10, செவ்வாய்

கண்ணாடி முன் பரிசோதனை. அபி கட்டிலில் இருந்து பார்த்தாள்.

முன்பக்கம்: கதிரையில் இருந்தால் வயிற்றில் குத்துகிறது. ரயிலில் இருந்துதான் ஆக வேண்டும். தள்ளுபடி.

முதுகு நடு: விழுந்தால் முள்ளந்தண்டு போய்விடும். தள்ளுபடி.

வலது இடுப்பு, சற்றுப் பின்னால்: இருக்கலாம், நடக்கலாம். குனிந்தால் பிடி புடைக்கிறது. ஆக, குனியாதே. முழங்காலை மடித்து இரு.

"சப்பாத்து வாங்கினாலும் நீ இவ்வளவு பாக்கமாட்டாய் அண்ணா."

"வாயை மூடு. கட்டிப்பிடி."

"என்ன?"

"இந்த ஊரில ஆரைக் கண்டாலும் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுவினம். கை எங்கை வருதெண்டு பாக்கவேணும்."

அபியின் கை தோளில் வந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். விலாவில். மூன்றாம் தரம் அவள் விடவில்லை. "அம்மாட்டைச் சொல்லு" என்றாள், தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. "மா தை, சொல்லன் அண்ணா. அம்மா போனால் நான் உன்னோடை கதைக்கமாட்டன்."

முடிவு: சட்டை ஒரு அளவு பெரிது, கட்டம் போட்டது, வெளியே விட்டு. வெள்ளை கூடாது. கட்டிப்பிடிக்க வருகிறவனுக்கு வலக்கையை முன்னமே நீட்டிவிடு.


ஜூன் 17, செவ்வாய்

வேலை தொடங்கியாயிற்று. களஞ்சியத்தில் ஒன்றும் நடக்காது. லொறி வரும், போகும். ரயிலில் ஒரு கிழவி என் தோளில் நித்திரை. வலது தோள். அசையாமல் இருந்தேன். தெரியவில்லை.

அம்மா ஞாயிறு பற்றிக் கேட்டார். அப்பாவின் ஆட்டைத்திவசம், முதல் வருடத்தது, கோயிலில். ஞாயிறு காலை எனக்கு வேலை, முடிந்து நேரே வருகிறேன் என்றேன். வேட்டி, அப்பாவின் சால்வை இரண்டையும் தான் கொண்டுவருவதாகச் சொன்னார்.


ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

ரயில் பிந்தியது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் வைக்க நேரமில்லை. ஐயருக்கு அதற்குப் பிறகு வேறொரு வீட்டிலும் காரியம். நேரே கோயில்.

ரயிலுக்கு யோசித்தேன். பஸ்ஸுக்கு, கட்டிப்பிடிப்பதற்கு, குனிவதற்கு யோசித்தேன். கோயிலுக்கு யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து போகிற கோயில். ஆம்பிளையள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே.

கழிவறையில் வேட்டி மாற்றினேன். வேட்டிக்கு மேல் பெல்ட், பெல்ட்டில் உறை, மேலே சட்டை. வெளியே வந்து அப்படியே நின்றேன்.

"தம்பி, சேட்டைக் கழட்டிப்போட்டு வாரும்." ஐயர்.

"எனக்குச் சுகமில்லை ஐயா."

"சுகமில்லாட்டி வேறை ஆரும் செய்யலாம்தான். பிள்ளை செய்யிற மாதிரி வருமோ?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அபி நிலத்தைப் பார்த்தாள். அம்மா எழும்பி வந்து என்னைச் செருப்புகள் கிடக்கும் நடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன, பச்சை குத்தினியோ?"

"இல்லை."

"குத்தினாலும் பரவாயில்லையடா. எல்லாப் பெடியளும்தான் குத்துதுகள். கழட்டு. அப்பா பாத்துக்கொண்டிருக்கிறார்."

நான் அசையவில்லை. அம்மாவே சட்டையைத் தூக்கினார்.

உள்ளே மணி அடித்தது.

"குண்டு இருக்கோ?"

"ஓம்."

"எடு."

கழிவறைக்குப் போய் மகசினைக் கழற்றினேன், குழலில் இருந்த தோட்டாவையும் எடுத்தேன். கழற்றி வைத்த காற்சட்டையின் பொக்கற்றில் போட்டு, அது இருந்த உடுப்புப் பையை என்னோடேயே வைத்துக்கொண்டேன். வந்தபோது அம்மா அதே இடத்தில்.

"அபிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

தலையை ஆட்டினார். அப்பாவின் சால்வையை இரண்டாக மடித்து என் இடுப்பைச் சுற்றினார், உறைக்கு மேலால். "மூச்சை உள்ளை இழு." இறுக்கி இடப்பக்கம் முடிச்சுப் போட்டார். ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். சால்வையின் ஒரு மடிப்பை இழுத்து விரித்துவிட்டார். "சேட்டைத் தா. வா."

எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர். பிண்டம் வைக்கக் குனிந்தபோது பிடி விலாவில் ஏறியது. முன்னால் ஐயர், பின்னால் முப்பது பேர். ஒருவருக்கும் தெரியவில்லை. இதுவரை முயன்றதில் மிகத் திறமான மறைப்பு.

அம்மா எல்லோருக்கும் சோறு பரிமாறினார். எனக்கும்.


ஜூன் 24, செவ்வாய்

மேகம், மழையில்லை. ஐந்தரைக்கே அம்மா குசினியில். மேசையில் நீலப் பை, ஸிப் பூட்டி. அங்கேயே தங்குவதற்கு சிஞ்ஞோராவுக்கு நேற்றே ஓம் சொல்லிவிட்டாராம். ஞாயிறுகளில் அபி அங்கே போய்ப் பார்க்கலாமாம். நான் வரலாமா என்று கேட்கவில்லை.

"வேலையை விடட்டோ அம்மா?"

"நான் விடச் சொன்னனானோ?"

"அப்ப ஏன் போறியள்?"

பால்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். "அண்ணா ஊரிலை அண்டைக்கு வரேக்கை நான்தான் அவருக்குச் சோறு போட்டனான். இடுப்பிலை இருந்ததைக் கண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கறி காணுமோ, இன்னும் விடட்டோ எண்டு மட்டும் கேட்டனான்." கையைத் துடைத்தார். "ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தானே செய்தனான். இன்னும் இஞ்சை இருந்தால் எனக்கு அது பழகிப்போகும்."

மேசையில் இருந்த நீலப் பையை எடுத்தேன்.

அபி அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிரிட்ஜில் இரண்டு நாள் கறி, மூடியில் நாள் எழுதி ஒட்டியிருக்கிறது.

பஸ் தரிப்பு வரை நான் பை தூக்கினேன், இடக்கையில். அங்கிருந்து நேரே ரயில், ஆகவே பிஸ்டலும் இருந்தது. அம்மா எப்போதும் போல என் வலப்பக்கம் வந்தார். நாலைந்து வீடு தாண்டியதும் நின்று, பின்னால் சுற்றி, இடப்பக்கம் மாறினார். பை அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. நடைபாதை ஒடுக்கம். மாறவில்லை.

பஸ் வந்தது. ஏறி, பையை வாங்கினார். ஜன்னல் பக்கம் இருக்கவில்லை.

ரயிலுக்கு நேரமில்லை, ஓடினேன். படியில் இரண்டிரண்டாக. பிஸ்டல் கொஞ்சமும் அசையவில்லை. உறை நல்ல உறை.