சாய்ந்த கேசட்

ஜனவரி 8, திங்கள்

காலையில் பேருந்து நிறுத்தத்தில் மூச்சு அப்படியே உறைந்து நின்றது. அலுவலகத்தில் நாள் முழுதும் பழைய நில வரைபடங்களை ஸ்கேன் செய்தேன். எழுத ஒன்றும் இல்லாத நாள் என்று நினைத்திருந்தேன்.

ஆறு மணிக்கு என் புருஷன் டூஷான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து போனை நீட்டினான். ரெனாடா என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பிர்னோவில் பழைய கணினி விளையாட்டுகளைச் சேகரிக்கும் அருங்காட்சியகத்தில் வேலை. அவனுடைய பழைய பள்ளியின் நிலவறையைக் காலி செய்தபோது ஒரு உறைக்குள் கேசட் கிடைத்ததாம். உறைமேல் அவன் பெயர், 1989 பிப்ரவரி என்று தேதி, "பறிமுதல்" என்று ஒரு முத்திரை.

"என் 'தொப்பி' உயிரோட இருக்கு, யார்மிலா," என்றான். பள்ளி நாளில் அவனே எழுதிய கணினி விளையாட்டு அது.

இருபத்து நாலு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்து முதுகு வளைந்துபோன மனிதன், பதினைந்து வயதுப் பையன் மாதிரி சிரித்தான். நானும் சிரித்தேன். சூப் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 9

ஒரு உறைக்குள் வேறு என்னவெல்லாம் இருக்கும்?

ஜனவரி 13, சனி

மத்தியானம் முழுதும் அவன் அந்தக் காலத்தைப் பற்றியே பேசினான். நானும் பேசினேன். பேசாமல் இருந்தால் சந்தேகம் வருமே. ஆனால் பாதியில் எனக்கே நடிப்பு மறந்து போனது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறும்போது வரும் அந்தக் கீச்சொலி. திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும். ஐந்து நிமிடம் யாரும் தரையில் அதிர நடக்கக் கூடாது. கடைசி நொடியில் பிழை என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து. புதன்கிழமைகளில் அவன் பள்ளியின் நிலவறையில் கணினி மன்றம். இரண்டே இரண்டு டிடாக்டிக் கணினிகள், பதினெட்டுப் பிள்ளைகள். கட்டம் போட்ட தாளில் அறை அறையாக வரைபடம் போடுவோம். இன்றைக்கு வரைபடத்தில் நான் சோறு தின்பது அங்கே ஆரம்பித்ததுதான்.

வெளிநாட்டு விளையாட்டெல்லாம் பிரதியின் பிரதியாக வரும். டூஷான்தான் சொந்தமாக எழுதினான். படம் கிடையாது, வெறும் எழுத்து. "போ வடக்கு", "எடு குடை" என்று நாம் கட்டளை அடிக்க வேண்டும். ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் வெண்கலத் தலைவரின் கையிலிருக்கும் தொப்பியைத் திருடி, தலைமை ஆசிரியரின் கழுதைக்கு மாட்டிவிட்டால் ஜெயித்தோம்.

அவன் திடீரென்று பேச்சை நிறுத்தி, "விலியாம் மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா," என்றான். தன்னைக் காட்டிக்கொடுத்தது அந்த நண்பன்தான் என்று, ஒவ்வொரு முறையும் இந்தக் கதை இங்கேதான் முடியும். நான் பாத்திரம் கழுவ எழுந்தேன்.

ஜனவரி 17, புதன்

ரெனாடா போன் செய்தாள். அவன் ஒலிபெருக்கியில் போட்டான். நல்ல குரல், சின்னப் பெண்தான், முப்பத்தைந்து இருக்கலாம். பிர்னோவில் ஏற்றிப் பார்த்தாளாம், மந்தமான இரைச்சல்தான் வருகிறதாம்.

"டேப் கெட்டுப்போகலை. பதிஞ்ச ரெக்கார்டர்ல டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட் சாய்வா இருந்திருக்கு. ஒவ்வொரு டேப்புலயும் அது பதிஞ்ச ரெக்கார்டரோட கையெழுத்து இருக்கும். அந்த ரெக்கார்டர் கிடைச்சா ஏத்திடலாம்," என்றாள்.

டூஷான் மேசையைத் தட்டினான். பிரதி எடுத்திருக்கக் கூடியவன் விலியாம் ஒருவன்தான், பதிந்தது அவன் ரெக்கார்டர்தான், அவன் எதையும் தூக்கிப் போடாத ஆள், அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அவன் யோக்கியதை ஊர் முன்னாடியே தெரியட்டும் என்றான்.

பிப்ரவரி பத்தாம் தேதி கலாசார மன்றத்தில் கண்காட்சி. எல்லார் முன்னாலும் ஏற்றிக் காட்டப் போகிறார்களாம்.

கையெழுத்தாம்.

ஜனவரி 18

இந்த நோட்டை இனி அலுவலகப் பையின் அடியிலேயே ஒளித்து வைக்கிறேன். இதை எழுதுவது அலுவலகத்தில், உணவு இடைவேளையில். எழுதிவிடுகிறேன். எங்கேயாவது ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

விலியாம் அவனுடைய உயிர் நண்பன். யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவனுக்கு மட்டும் "தொப்பி"யைக் கொடுத்திருந்தான் டூஷான். விலியாமும் நாங்களும் ஒரே கட்டடம். ஒரு மத்தியானத்துக்கு மட்டும் என்று கெஞ்சி வாங்கினேன். கேசட்டோடு தன் ரெக்கார்டரையும் கொடுத்தான் விலியாம். எங்கள் ரெக்கார்டரில் வெளிக் கேசட் எதுவும் ஏறாது என்று மன்றத்துக்கே தெரியும். அப்பா பால்கனியிலிருந்து அதைத் தவறவிட்ட நாளிலிருந்து ஹெட் கோணிவிட்டது. நான் நகம் ராவும் கம்பியால் திருகித் திருகி ஒரு மாதிரி ஓட வைத்திருந்தேன். அதில் பதிந்தது அதில் மட்டும்தான் ஏறும். "யார்மிலாவோட சாய்ந்த கேசட்" என்று மன்றத்தில் கேலி.

ஒரு ஒயர் போட்டுப் பிரதி எடுத்தேன். அவன் எழுதிய எல்லாம் எனக்கு வேண்டும். பன்னிரண்டு வயதில் அதற்கு என்ன பெயரோ.

எங்கள் வீட்டுக் கணினியில் விளையாடினேன். மூன்றாவது அறையில் ஒரு பாலம். பாலத்தில் ஒரு ஆடு, வாய் ஓயாமல் கத்திக்கொண்டு. அதன் பெயர் யார்மிலா.

எங்கள் ஊரில் அசட்டுப் பெண்ணை ஆடு என்றுதான் சொல்வார்கள். "கொடு கோஸ்" என்று அடித்தால் திரையில் வரும்: ஆடு மெல்லுகிறது. ஒருவழியாக வாயை மூடியது. வழி திறந்திருக்கிறது.

மறுநாள் என் பிரதிக் கேசட்டை மன்றத்தின் தோழர் ஆசிரியையிடம் கொண்டுபோனேன். எங்கள் ரெக்கார்டரையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன், அவர்கள் கருவியில் ஏறாதே என்று. நானேதான் ஏற்றிக் கொடுத்தேன். என்னை ஆடு என்று போட்டிருக்கிறான், அவனைத் திட்டுங்கள் என்றேன். ஆட்டைப் பற்றித்தான் சொன்னேன். ஆட்டைப் பற்றி மட்டும்தான். அவர் ஆட்டைப் பார்க்கவில்லை, தலைவரின் தொப்பியைப் பார்த்தார். அந்த ஜனவரியில்தான் தலைநகர் பிராகாவில் ஆட்சிக்கு எதிராகச் சதுக்கத்தில் கூடியவர்கள்மேல் போலீஸார் தண்ணீரைப் பீய்ச்சியடித்திருந்தார்கள்.

அவனை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து ஆலையில் கடைசல் பழகப் போட்டார்கள். நவம்பரில் கட்சி ஆட்சியே கவிழ்ந்தது. சிலையும் போனது. அவன் மட்டும் திரும்பிப் படிக்கப் போகவில்லை.

விலியாமைத்தான் பிடித்தான். யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டதற்கு விலியாம் பதிலே சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடமாகச் சொல்லவில்லை. ஏன்? நான் பயப்படுவதில் பாதி அந்த "ஏன்"தான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சொல்லிவிட நினைத்தேன். அப்புறம் மகள் பிறந்ததும். அப்புறம் — அப்புறம் என்ன, ஒன்றும் இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

ரெனாடா உறையின் படத்தை அனுப்பினாள். அவன் குளிக்கும்போது ஆறு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். கொண்டுவந்தவர் பெயர் இல்லை.

ஜனவரி 27, சனி

என் பழைய ரெக்கார்டர் கட்டடத்தின் அடியிலுள்ள எங்கள் சாமான் அறையில், ஸ்கேட்டிங் காலணிகளுக்குப் பின்னால் இருந்தது. எடுத்தேன். ஹெட்டுக்கு மேலே நான் குடைந்த ஓட்டை, சுற்றிலும் கம்பி கீறிய தடம்.

அவன் ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று போயிருந்தான். பையில் போட்டு நகராட்சிக் கழிவு முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஆள், "அடடா, இதை இப்போ தேடி அலையறாங்க, வீசறீங்களே," என்றான். ஓடாது என்றேன். டிவிக்களுக்கும் ஹீட்டர்களுக்கும் மேலே அதைப் போட்டான். ஒரு மூலை உடைந்த சத்தம் கேட்டது.

நிம்மதியாக இருக்க வேண்டும்தானே? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரோ பின்னால் வருவதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பிப்ரவரி 3, சனி

கடையில் ரொட்டி வரிசையில் விலியாம், எனக்கு முன்னால். தலை முழுக்க நரைத்துவிட்டது. நகரப் பேருந்து ஓட்டுகிறான். அவன் பேருந்து வந்தால் டூஷான் ஏறாமல் அடுத்ததற்கு நிற்பான், மழையானாலும்.

"பத்தாம் தேதி வரச் சொல்லி அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ரெக்கார்டரைத் துடைச்சு வச்சிருக்கேன்," என்றான்.

வராதே என்று சொல்ல வாய் வந்தது. "பெல்ட் நல்லா இருக்கா?" என்று கேட்டேன். ஐயோ, நான் என்ன பிறவி.

"எல்லாம் நேராத்தான் இருக்கு," என்றான் என் கண்ணைப் பார்த்து.

பிப்ரவரி 9

நாளை காய்ச்சல் வரட்டும். அவனுக்கு இல்லை, எனக்கு.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பழைய கணினிகள் வரிசையாக. வழுக்கைத் தலை ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாடினார்கள். கீச்சொலி கேட்டதும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்திருந்தால் நானும்.

டூஷான் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். விலியாம் கதவோரம். ரெனாடா அவனுடைய ரெக்கார்டரை மாட்டி, கேசட்டைப் போட்டாள். மந்தமான இரைச்சல், போர்வைக்குள்ளிருந்து கத்துவது மாதிரி. பிழை. திருப்புளியால் அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி. பிழை. அதற்கு மேல் திருகினால் ஹெட் கழன்றுவிடும், மன்னியுங்கள், இது இந்த ரெக்கார்டர் இல்லைபோல என்றாள்.

முடிந்தது. நான் தப்பித்துவிட்டேன். உடம்பு பூராவும் அது தெரிந்தது, சூடான தண்ணீர் இறங்குவது மாதிரி.

அப்போது டூஷான் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "ஹெட்டைத் திருகி வைக்க அவனுக்கு முப்பத்தஞ்சு வருஷம் இருந்துச்சே. துடைச்சுக் கொண்டுவந்தானாம், துடைச்சு. எதைத் துடைச்சான்னு கேளுங்க."

யாரோ சிரித்தார்கள். விலியாம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். குளிர் உள்ளே வந்தது.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. திருப்புளி கையில் இருந்தது. "ரெக்கார்டர் இதுவே போதும், இன்னும் திருகணும்," என்றேன். கழன்றுவிடும் என்றாள் ரெனாடா. கழலாது என்றேன். இடப்பக்கம் திருகினேன். அரைச் சுற்று தாண்டியதும் ஒலி இன்னும் மந்தமானது. எல்லாரும் நிறுத்திவிடும் இடம் அது. நிறுத்தக் கூடாது. இன்னும் கொஞ்சம் போனால், கண்ணாடியைச் சுரண்டுவது மாதிரி ஒரு கூர்மை திடீரென்று வரும். என் விரலுக்கு அது தெரியும். என் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

வந்தது. நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள். ஐந்து நிமிடம். நான் திரும்பவே இல்லை.

"தொப்பி. எழுதியவன் டூஷான்" என்று திரையில் வந்ததும் கூடம் கைதட்டியது. அவன் மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து ரெக்கார்டரைப் பார்த்தான், அப்புறம் என் கையைப் பார்த்தான்.

"சாய்ந்த கேசட்," என்றான் மெதுவாக. "உன்னோடதா?"

"என்னோடதுதான்."

கதவருகே விலியாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டூஷான் கோட்டைக்கூட எடுக்காமல் அவனைத் தாண்டி வெளியே போனான்.

பிப்ரவரி 12

மகளின் பழைய அறையில் படுக்கிறான். சாவி திரும்பும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்கிறேன். வருகிறானா, போகிறானா?

பிப்ரவரி 20, செவ்வாய்

நோட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். மேசைமேல்தான் கிடக்கிறது. இனி எதை ஒளிக்க.

பத்து நாளுக்குப் பின் முதல் கேள்வி. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டான்.

"எதுக்குக் கொடுத்தே?"

"ஆட்டுக்காக."

பிரஷ் நின்றது. "எந்த ஆடு?"

அவனுக்கு ஞாபகமே இல்லை. கோஸ் கொடுத்தால் வரும் அந்த வரிகளை நான் அப்படியே சொன்னேன். பிரஷைக் கீழே வைத்தான். அப்புறம் அறைக்குள் போனான். கதவை அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. சத்தமில்லாமல் சாத்தினான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

விலியாமைப் பார்க்கப் போய்வந்தான். நடந்தே போனானாம். பியர் வாடை. கோட்டோடு கதவில் சாய்ந்து நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். 'கொடுக்க மாட்டேன்னு உங்கிட்ட சத்தியம் பண்ணிட்டுக் கொடுத்தவன் நான். அவ பன்னிரண்டு வயசுப் பொண்ணு. யார் பேரை நான் சொல்றது?'ங்கிறான். மடையன்."

அந்த மடையன் யார் என்று அவன் சொல்லவில்லை.

போய்விடுவானோ என்ற பயம் போகவில்லை. ஆனால் அலமாரியில் அவன் சட்டைகளை எண்ணுவதை இன்று நிறுத்திவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தபோது அவன் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தான். இன்றைக்குத்தான், என்று நினைத்தேன். பையைத் தேடினேன். பை இல்லை.

என் நாற்காலிக்கு எதிரே, மேசைமேல், ஒரு முழு முட்டைக்கோஸ். அலம்பித் துடைத்து வைத்திருந்தான்.

உட்கார்ந்தேன். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளி இலையில் ஒன்றைக் கிழித்து வாயில் போட்டேன். பச்சையாக, கசப்பாக, நறநறவென்று. மெல்ல மெல்லக் கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தாமல் மென்றேன்.

"ம்," என்றான் கடைசியில். கார் சாவியை எடுத்தான். "கோட்டைப் போடு. விலியாம் பதினோரு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கான். நீ அவன்கிட்ட பேசணும்."