பனி திறக்கும் தேதி

ஏப்ரல் 14, செவ்வாய்

விடுப்புப் படிவத்தில் ‘எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் நாலு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கிழக்குக் காற்று அடித்தால் கரையை ஒட்டிய பனிக்கும் நடுக்கடல் பனிக்கும் இடையே தண்ணீர் திறக்கும், அந்த வழியாகத் திமிங்கலம் வரும், எங்கள் வடகோடி ஊர் தோல்படகில் வேட்டைக்குப் போகும். மேற்குக் காற்று அடித்தால் மூடிக்கொள்ளும். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தலைமையாசிரியை ப்ரூயிட் அம்மா இன்று கேட்டேவிட்டார். “ஹெர்மன், உத்தேசமாவாவது ஒரு தேதி போட்டுக் குடுங்க.” தெற்கிலிருந்து போன ஆகஸ்டில்தான் வந்தவர். கெட்டவர் இல்லை. எனக்கு மீதம் பத்து நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்றார். ஏப்ரல் 20 முதல் மே 1 வரை என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டாட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு காசு வைத்தது போல இருந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

பள்ளியைச் சூடாக்கும் இரண்டு பாய்லரும் என் பொறுப்பு, அதில் ஒன்றுதான் ஓடுகிறது. மற்றதற்கு உதிரி பாகம் விமானத்தில் வரவேண்டும். வரும், வரும் என்கிறார்கள். நான் இல்லாத நாட்களில் ரொமுலோ பார்த்துக்கொள்வான். பள்ளிச் சமையல்காரன், பிலிப்பைன்ஸ்காரன், அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவன். “கப்பலையே ஓட்டினவன் சீஃப், ஒரு பள்ளிக்கூடத்தைச் சூடா வச்சுக்க மாட்டேனா?”

ஏப்ரல் 17, வெள்ளி

ஓடிஸ் மச்சான் வந்தார். என் மனைவி வெர்னாவின் அண்ணன், எங்கள் படகுக்குத் தலைவர். காபி குடித்தார், வானிலை பேசினார், கிளம்பும்போது கதவருகில் நின்று சொன்னார்: “மாப்ள, இந்த வருஷம் முன்னால நீதான் உட்காரணும்.”

முன்னால் உட்காருகிறவன்தான் ஈட்டி எறிகிறவன்.

சரி மச்சான் என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேனோ? அவர் போனபின் வெர்னா என்னைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள். அவள் எதை நினைத்தாள் என்று தெரியும். அதைப் பற்றி இன்றைக்கு எழுத வேண்டாம்.

ஏப்ரல் 20, திங்கள்

விடுப்பு முதல் நாள். மேற்குக் காற்று.

ஏப்ரல் 21, செவ்வாய்

மேற்குக் காற்று.

ஏப்ரல் 23, வியாழன்

பனிமேட்டை வெட்டிப் பாதை போட்டோம். பனி வண்டியும் தோல்படகும் போகிற அகலத்துக்கு, கரையிலிருந்து ஐந்து மைல். ஊரின் எல்லாப் படகுக்காரர்களும் கோடரியோடு வந்திருந்தார்கள். கிளைடும் வந்திருந்தான். நான் இந்த முனையில் வெட்டினால் அவன் அந்த முனையில் வெட்டினான். நான் அங்கே போனால் இங்கே வந்துவிட்டான். பாதை வெட்ட மட்டும் வருகிறான். படகில் ஏறுவதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. என் இடத்தில் சித்தப்பா மகன் கிளைட் உட்கார்ந்தான். ஈட்டி பாய்ந்தது, ஆனால் திமிங்கலம் பனிக்கு அடியில் போய் மறைந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. வீணாய்ப் போன உயிர். ஊரே வாயடைத்துப் போயிருந்தது. நான் பாய்லர் அறையில் ரேடியோவை எடுத்துப் பேசினேன். “நான் இருந்திருந்தா அது போயிருக்காது.” அவ்வளவுதான். ஐந்து வார்த்தை கூட இல்லை. ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு ரேடியோ இருக்கிறது. எல்லோருக்கும் கேட்டது.

வெர்னா அன்று சொன்னாள்: “கிளைடை மட்டுமா சொன்னே? நீ எறிஞ்சா வந்தே தீரணும்னு திமிங்கலத்துக்கே உத்தரவு போடற மாதிரி பேசிட்டியே.” எங்களில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தானாக வந்து தன்னைக் கொடுப்பது அது. பீற்றிக்கொள்பவனிடம் வராது.

அதன்பின் கிளைட் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் அவன் வாசலை மிதிக்கவில்லை.

ஏப்ரல் 25, சனி

பனியின் விளிம்பில் கூடாரம். விளிம்பு என்று சொல்லிக்கொள்கிறோம், எதிரே தண்ணீர் இருந்தால்தானே விளிம்பு. வெள்ளைத் துணி போர்த்திய படகு தயாராக நிற்கிறது. யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மச்சான் பெட்டிமேல் உட்கார்ந்து தேநீரில் கெட்டி பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எப்படி முடிகிறது? எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

“உட்காரு மாப்ள. நீ நடக்கற நடையில பனி உடைஞ்சிரும்.”

எல்லோரும் வாய்க்குள் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேனா?

ஏப்ரல் 28, செவ்வாய்

நடுக்கடல் பனி வந்து முட்டியது. இரயில் வருவது போல என்று படத்தில் பார்த்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பனியின் சத்தம்தான், வேறு எதைப் போலவும் இல்லை. கூடாரத்தை அப்படியே சுருட்டிப் போட்டுப் பின்வாங்கினோம். பத்து நிமிடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் வீடு உயரத்துக்குக் குவிந்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மே 1, வெள்ளி

மேற்குக் காற்று. விடுப்பு முடிந்தது. பத்து நாளும் போச்சு.

மே 4, திங்கள்

வேலை. பாய்லர் அறையில் ஜன்னல் கிடையாது. காற்று எந்தப் பக்கம் என்று கொடிக்கம்பத்தைப் பார்க்க ஐந்து தடவை வெளியே வந்தேன். ரொமுலோ எண்ணிவிட்டான். “ஆறாவது தடவை போகாதீங்க சீஃப், கொடிக்கு வெக்கமா இருக்கும்.” இரண்டாவது பாய்லரின் பாகம் இன்னும் வரவில்லை.

மே 5, செவ்வாய்

கிழக்குக் காற்று!

காலை எழுந்ததும் தெரிந்துவிட்டது. கடலுக்கு மேலே வானத்தில் கரும்பட்டை, கீழே தண்ணீர் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ரேடியோவில் மச்சான்: “திறந்திருச்சு. மூணு பார்த்தாச்சு.” அவ்வளவுதான் சொன்னார்.

நேராக ப்ரூயிட் அம்மாவின் அறைக்குப் போனேன். தொப்பியைக் கூட எடுக்கவில்லை.

“மேடம், எனக்கு மூணு நாள் வேணும்.”

“உங்க பத்து நாள் முடிஞ்சிருச்சே ஹெர்மன்.”

“பனி அப்போ திறக்கல.”

“எனக்குப் புரியுது. ஆனா ஓடறது ஒரே பாய்லர். அதுவும் நின்னா நூத்திநாப்பது பிள்ளைங்களை நான் எங்க வச்சுக்குவேன்? போன தடவை குழாய் உறைஞ்சு மூணு வாரம் பள்ளி மூடினதா எல்லாரும் சொன்னாங்களே.”

உண்மைதான். அப்போது குழாய்களை உருக்கியவன் நான்தான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். சாத்தினேனா, அடித்தேனா?

வேலையை விட்டால் என்ன? விட்டுவிட்டு என்ன செய்வது? பிழைப்புக்குப் படகு மட்டும் போதுமா? வெர்னாவிடம் கேட்டேன். “உனக்குத் திமிங்கலம் வேணுமா, முன்னால உட்கார்ற இடம் வேணுமா?” என்று திருப்பிக் கேட்டாள். இதென்ன கேள்வி! சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மே 6, புதன்

நிறைய எழுத வேண்டும். கை இன்னும் எண்ணெய்.

காலை எட்டு மணிக்கு ப்ரூயிட் அம்மா தாமே பாய்லர் அறைக்கு வந்தார். பாய்லரைத் தான் பார்த்துக்கொள்வதாக நேற்று சாயங்காலம் ரொமுலோ போய்ப் பேசியிருக்கிறான். “நாளைக்கும் மறுநாளும் போங்க. சம்பளம் இல்லாத விடுப்பு. மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.” முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நன்றி என்றேன். இன்றைக்கே கிளம்பட்டுமா என்றும் கேட்டேன்! சிரித்துவிட்டு, போங்க என்றார்.

பனி வண்டியில் சாமான் கட்டினேன். ஒன்பதரை இருக்கும். பூட்ஸின் வாரை இழுத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் ரொமுலோ. குரலில் கேலி இல்லை. “சீஃப், பம்ப் இறுகிப்போச்சு. தண்ணி ஓடல.”

ஓடினேன். குழாய்களில் வெந்நீரை ஓட்டுகிற பம்ப். கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. வெளியே உறைநிலைக்குப் பதினைந்து டிகிரி கீழே, அதோடு கிழக்குக் காற்று. நான் கேட்டு வாங்கிய காற்று! வடக்கு வகுப்புகளில் சுவரோரக் குழாய் இரண்டு மணி நேரம் கூடத் தாங்காது. ஓடாத பாய்லரிலிருந்து பம்பைக் கழற்றி இதில் மாட்டலாம். இரண்டு பேர் இல்லாமல் அது நகராது. மாட்டியபின்னும் ஒன்றரை நாளாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

“நீங்க போங்க சீஃப். நான் தோட்டக்காரனையோ யாரையோ கூப்பிட்டுக்கறேன்.”

“இந்த ஊர்ல ஏதுடா தோட்டக்காரன்?”

இருவரும் சிரித்தோம். பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடம், அவ்வளவுதான். என்னால் போக முடியாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மனசு மட்டும் இன்னும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

பம்பைக் கழற்றி, தூக்கி, மாட்டினோம். பதினொன்று இருபதுக்கு ஓடியது. வடக்கு அறையில் குழாய் தொட்டால் ஐஸ்தான், ஆனால் வெடிக்கவில்லை. ரொமுலோவை உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் கேட்டு வெளியே வந்தேன். மச்சானை ரேடியோவில் கூப்பிட்டு வரமுடியவில்லை என்று சொன்னேன். 

“அப்ப யாரு மாப்ள?”

“அனுப்பறேன்.”

கிளைடின் வீட்டுக் கதவை நான் தட்டினேன். இங்கே யாரும் தட்டுவதில்லை, திறந்துகொண்டு போவதுதான். நான் தட்டினேன். கிளைட் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“பம்ப் போயிருச்சு. என்னால போக முடியல. நீ முன்னால உட்காருடா.”

“நானா? நீ இருந்திருந்தா போயிருக்காதுன்னு சொன்ன ஆளு இல்ல நீ?”

“நான்தான் சொன்னேன். தப்பு. தப்பு கிளைட்.”

“இங்க என் வாசல்ல வந்து, காதோட சொல்லிட்டுப் போறே. அன்னைக்கு ஊருக்கே கேட்கச் சொன்னியேண்ணே.” கதவை விடாமலே சொன்னான். “ரெண்டு வருஷமா என் பொண்டாட்டி கடைக்குப் போறப்பகூடத் தலை நிமிரல.”

அவன் அடுப்படி மேஜைமேல் ரேடியோ இருந்தது. அவனைத் தாண்டி உள்ளே போனேன். கையில் எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். விட்டேன். திரும்ப அழுத்தினேன்.

“எல்லாருக்கும், ஹெர்மன் பேசறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரேடியோவுல கிளைடைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். அது பொய். நான் இருந்திருந்தாலும் அது போயிருக்கும். எனக்கு அவன்மேல பொறாமை. அவ்வளவுதான். கிளைட் இப்ப ஓடிஸ் படகுக்குப் போறான்.” போறான் என்று நானே சொல்லிவிட்டேன். அவன் சம்மதிக்கவே இல்லை.

பொத்தானை விட்டேன். பிறகு யாரோ ஒரு அம்மா, யாரென்று தெரியவில்லை, “நல்லது” என்றார்.

கிளைட் நின்றுகொண்டே இருந்தான். அவன் மனைவி உள் அறையிலிருந்து வந்து, பூட்ஸை எடுத்து அவன் காலடியில் வைத்தாள்.

என் வண்டியிலேயே போனான். சாமான் கட்டித் தயாராகத்தானே இருந்தது.

மே 7, வியாழன்

பம்ப் ஓடுகிறது. காதை அதில் வைத்துக்கொண்டு மனசை ரேடியோவில் வைத்திருந்தேன். இன்றும் அவனுக்குத் தவறிப்போனால்? நான்தானே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். தவறினால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. தவறவேண்டும் என்று எனக்குள்ளே எங்கோ ஒரு மூலை... இல்லை. இருந்தது. கொஞ்சம் இருந்தது. எழுதிவைக்கிறேன்.

இரண்டே கால். மச்சானின் குரல், நடுங்கியது. “ஓடிஸ் படகு. கிடைச்சிருச்சு. மிதக்குது.” அப்புறம் கத்தல், ஊர் முழுக்கக் கத்தல், ரேடியோவுக்கு வெளியேயும் கேட்டது. பாதிரியார் ரேடியோவிலேயே ஜெபம் சொன்னார். நான் தொப்பியைக் கழற்றினேன். ரொமுலோ சிலுவை போட்டுக்கொண்டான்.

அழுதேன். சந்தோஷமா? முழுசாகச் சந்தோஷம் இல்லை. ஆனால் பெரும்பகுதி அதுதான்.

மே 8, வெள்ளி

பள்ளிக்கு விடுமுறை விட்டார் ப்ரூயிட் அம்மா. பம்புக்கு ரொமுலோ, கயிற்றுக்கு நான். ஊரே சேர்ந்து திமிங்கலத்தைப் பனிமேல் இழுத்தது. ப்ரூயிட் அம்மா எனக்கு இரண்டு ஆள் முன்னால். வழுக்கி உட்கார்ந்துவிட்டார், எழுந்து திரும்பவும் கயிற்றைப் பிடித்தார். நாற்பத்தொன்பது அடி. கிளைட் வெட்டிக்கொண்டிருந்தான், முழங்கை வரை ரத்தம். என்னைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான். நானும் ஆட்டினேன். பேச நேரமில்லை.

மச்சான் வீட்டில் வேகவைத்த மக்தாக், தோலும் கொழுப்புமாக, ஊருக்கெல்லாம். ரொமுலோ தன் பங்கில் வினிகரும் பூண்டும் போட்டுச் சமைத்துக் கொண்டுவந்தான். மச்சான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

மே 13, புதன்

உதிரி பாகம் வந்தது. தப்பான அளவு.

மே 22, வெள்ளி

சாயங்காலம் கதவு திறந்தது. கிளைட். தட்டவில்லை. பனியை உதறிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். கரிபூ மான் சூப். ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டான்.

“அண்ணி, உப்பே இல்லையே.”

“ரெண்டு வருஷம் கழிச்சு வந்து உப்பு கேக்குதா உனக்கு?” என்றாள் வெர்னா. உப்பை எடுக்கத் திரும்பினவள் வெகுநேரம் திரும்பியபடியே நின்றாள்.

அவன் இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டான். நான் காபி ஊற்றினேன். வாத்து வர ஆரம்பித்துவிட்டதாம்.

“நாளைக்குச் சுடப் போறேன். வர்றியாண்ணே? லீவு கிடைக்குமா?”

“நாளைக்குச் சனிக்கிழமைடா.”

மே 23, சனி

போனோம். அவன் வண்டியை ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்தேன்.